யார் கொண்டுவந்த சமாதானம்

2003ஆம் வருஷம் பொங்கல் விடுமுறை முடிந்து அச்சகம் திறந்த வாரத்தில், முதலாளி என் மேசைக்கு வந்து பத்திரிகைகளிலிருந்து வெட்டியெடுத்த படங்களைப் பரப்பினார். எல்லாம் போர் விமானங்கள். ஒன்றில் கப்பலிலிருந்து ஏவுகணை கிளம்பிக்கொண்டிருந்தது.

“தாயி, சரவெடிக்குப் புதுப் பெட்டி கேக்காக. ‘பாக்தாத் வெடி’ன்னு பேரு. பின்னாடி ஊரு எரியிற மாதிரி வரணும். மேல ரெண்டு விமானம். செவப்பும் மஞ்சளும் தூக்கலா இருக்கட்டும்” என்றார்.

“இன்னும் சண்டையே ஆரம்பிக்கலியேய்யா” என்றேன்.

“ஆரம்பிச்சிரும். தீபாவளிக்குள்ள முடிஞ்சும் போயிரும். அன்னைக்கு இந்தப் பேரு எல்லாரு வாயிலயும் இருக்கும். மத்தவன் முந்துறதுக்குள்ள நாம முந்திக்கணும்.”

வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற ஆப்செட் அச்சகம் அது. விருதுநகரிலிருந்து தினமும் பஸ் ஏறி சிவகாசிக்குப் போய் நான் அங்கே கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். அணுகுண்டு, ராக்கெட், பீரங்கி என்று பெயர் வைத்த பெட்டிகள் எத்தனையோ என் கையால் போயிருக்கின்றன. அதிலெல்லாம் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. அவை வெறும் பெயர்கள். இது ஓர் ஊர். அந்த ஊர் வழியாக என் கணவர் ஒரு முறை உயிரோடு வந்திருக்கிறார். அதற்குக் கொஞ்சம் தெற்கே, குவைத்தில், என் தம்பி அன்றைக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தான்.

நான் படங்களைச் சேர்த்து ஓரமாக வைத்தேன். “பாக்குறேன்யா” என்று மட்டும் சொன்னேன்.

என் கணவர் கதையைச் சொல்லிவிட்டுப் போனால்தான் என் கோபம் விளங்கும். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அவர் குவைத்தில் தையல் வேலை பார்த்தார். 1990இல் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தபோது நான் விருதுநகரில் மாமியார் வீட்டில் மாசமாக இருந்தேன். கடிதம் இல்லை, போன் இல்லை. செத்தாரா பிழைத்தாரா என்று தெரியாமல் வாரக்கணக்கில் கிடந்தோம். கடைசியில் அவரும் இன்னும் நிறைய நம் ஆட்களும் பஸ்ஸில் ஏறி, பாக்தாத் வழியாக ஜோர்டான் எல்லைக்குப் போய், அங்கே பாலைவனத்தில் கூடாரத்தில் கிடந்து, விமானத்தில் பம்பாய் வந்து இறங்கினார்கள்.

எல்லை வரைக்கும் அந்த பஸ்ஸை ஓட்டியவர் ஓர் ஈராக்கியர். வழியில் தண்ணீர் தீர்ந்துபோனபோது, தன் சொந்தக்காரர் வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்தி, குடத்தில் தண்ணீரும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்தாராம். இவரிடம் தன் பெண்பிள்ளைகளின் போட்டோவைக் காட்டினாராம். இவருக்கு அந்த பாஷை அரைகுறை. அவருக்கு நம் பாஷை சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் எல்லையில் இறங்கும்போது இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்களாம்.

ஊருக்கு வந்த பிறகு என் கணவர் ரேடியோவே கதி என்று கிடந்தார். அடுத்த வருஷம் தொடக்கத்தில் பாக்தாத் மேல் குண்டு விழ ஆரம்பித்தது. அப்போதுதான் மாஸ்கோவிலிருந்து ஒரு சமாதான யோசனை வந்தது. ஈராக் படை குவைத்தை விட்டு வெளியேறும், சண்டையை நிறுத்துவோம் என்று பேச்சு. ஈராக்கும் சரியென்று சொல்லிவிட்டதாகச் செய்தி வாசித்தார்கள். அன்றைக்கு அவர் முகத்தில் நான் பார்த்த வெளிச்சத்தை, எங்கள் முதல் பிள்ளை பிறந்த அன்றுகூடப் பார்க்கவில்லை.

“அந்தாளு பொழச்சுக்கிருவாருடி” என்றார். பஸ் ஓட்டியவரைத்தான் சொன்னார்.

அமெரிக்கா அதை ஒத்துக்கொள்ளவில்லை. கெடு வைத்தது. தரைப்படை உள்ளே போனது. அந்த யோசனையில் ஓட்டை இருந்திருக்கலாம். நான் இல்லையென்று சொல்லவில்லை. குவைத்துக்குள் புகுந்தவன் செய்தது அநியாயம்தான், என் வீட்டுக்காரர் பிழைப்பையே அதுதான் அழித்தது. ஆனால் அன்றைக்குப் பேப்பரிலும் ரேடியோவிலும் ஓட்டையைப் பற்றிப் பேசியவர்களை விட, ‘ரஷ்யாக்காரன் பேர் வாங்கப் பார்க்கிறான்’, ‘வளைகுடாவில் கால் ஊன்றப் பார்க்கிறான்’ என்று பேசியவர்கள்தான் அதிகம். ஒருத்தனுக்குப் பேர் போய்விடும் என்பதற்காக இன்னொருத்தன் ஊர் எரியவேண்டுமா? என் கணவர் ரேடியோவை அணைத்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனார். பிறகு விருதுநகர் கடைத்தெருவில் ஜாக்கெட் துணிக் கடை ஒன்று போட்டு உட்கார்ந்தார். வளைகுடாப் பேச்சையே எடுப்பதில்லை.

அதனால்தான், பன்னிரண்டு வருஷம் கழித்து மறுபடியும் அதே கதை ஆரம்பித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

அந்தப் பிப்ரவரி முழுக்க அச்சகத்தில் டீ நேரத்தில் இதே பேச்சுதான். பிரான்சும் ரஷ்யாவும் ஜெர்மனியும் சேர்ந்து, ஈராக்கில் ஆயுதம் தேடப் போன சோதனைக் குழுவுக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள், அதற்குள் சண்டைக்கு அவசரப்படாதீர்கள் என்று அமெரிக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தன. சீனாவும் அப்படித்தான் சொன்னது. நம்முடைய முதலாளிக்கு அது பெரிய வேடிக்கை. அவர் மகன் அமெரிக்காவில் படித்து அங்கேயே வேலையில் இருந்தான். அதிலிருந்து அந்த நாடே அவருக்குச் சம்பந்தி வீடு மாதிரி.

“அம்புட்டும் நாடகம்யா” என்பார் டீ கிளாஸை ஆட்டிக்கொண்டே. “ரஷ்யாக்காரனுக்கு அங்கன எண்ணெய்க் கிணறு ஒப்பந்தம் இருக்கு. பிரான்சுக்காரனுக்கும் இருக்கு. அது போயிருமேன்னு சமாதானம் பேசுறான். இவனுகளுக்கு என்னைக்கு மனுச உசுரு மேல அக்கறை வந்துச்சு?”

இதற்குப் பதில் சொல்ல எங்கள் தலைமை டிசைனர் தயாராக இருப்பார். என்னை விட மூத்தவர், அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கையால் படம் வரைந்த காலத்திலிருந்து அங்கே வேலை பார்ப்பவர். இளவயதில் தொழிற்சங்க மேடையில் பேசியவர். சோவியத் உடைந்த அன்று அவர் வேலைக்கு வரவில்லை என்று சொல்வார்கள்.

“எண்ணெய்க்குச் சண்டைக்குப் போறது யாரு மொதலாளி? உங்க அமெரிக்காக்காரன். சமாதானம்னு சொல்றது யாரு? ரஷ்யாவும் பிரான்சும். இதுல எவன் மனுசன்னு நீங்களே சொல்லுங்க.”

“ஆப்கானிஸ்தானுக்குள்ள உங்க ஆளு படையெடுத்துப் போனப்ப, வெளியேறுன்னு உலகமே சொல்லுச்சே. அப்ப மேடையில என்ன பேசின? வெளியேறச் சொல்றவன் எல்லாம் ஏகாதிபத்தியக் கைக்கூலின்னு தொண்டை கிழியக் கத்தலை? நானே நின்னு கேட்டேனே.”

“அது வேற, இது வேற.”

“எது வேற?”

“அங்க நாங்க நியாயத்துக்காகப் போனோம்.”

‘நாங்க’ என்றார் அண்ணன். சிவகாசியில் பிறந்து, சிவகாசியை விட்டு மதுரை தாண்டாத மனுஷன். முதலாளியும் அப்படித்தான், ‘நாம குண்டு போட்டா ஒரு வாரம் தாங்கமாட்டான்’ என்பார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பேன். ஒருத்தர் அமெரிக்காவாகிவிட்டார், இன்னொருத்தர் ரஷ்யாவாகிவிட்டார். ஈராக் ஆவதற்கு அங்கே ஆளில்லை.

நான் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்றுதான். அந்த யோசனையில் என்ன எழுதியிருக்கிறது, அது நடக்குமா நடக்காதா என்று யாராவது ஒருவர் பேசவேண்டும். ஒருநாளும் பேசவில்லை. யார் கொண்டுவந்தது, எதற்குக் கொண்டுவந்தான், அவனுக்கு உள்ளே என்ன ஆதாயம், இதுதான் பேச்சு. ஆதாயம் இருந்தால்தான் என்ன? எண்ணெய்க்காகவே ஒருத்தன் சண்டையை நிறுத்தட்டுமே. குண்டு விழாத வீட்டுக்காரன் அந்தக் காரணத்தைக் கேட்டுக் கோபித்துக்கொள்ளவா போகிறான்?

இடையில் அந்தப் பெட்டிக்காக முதலாளி இரண்டு மூன்று தடவை வந்து நின்றார். நான் வேறு ஆர்டர்களைக் காட்டித் தள்ளிப்போட்டேன். அண்ணனிடம் மனம் பொறுக்காமல் சொன்னேன். “என் தம்பி அந்தப் பக்கத்துலதான் இருக்கான்ணே. அந்த ஊரு எரியிற மாதிரி நான் எப்படிப் போடுவேன்?”

அவர் யோசித்துவிட்டு, “ஒண்ணு செய். விமானம் குண்டடிபட்டு விழுகிற மாதிரி போட்டுரு. அமெரிக்காக்காரன் விமானம். பாக்குறவனுக்கு அது புரியும்” என்றார்.

அவர் உண்மையிலேயே எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அவரிடம் பேசவே பிடிக்காமல் போயிற்று.

மார்ச் மாதம் யுத்தம் ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. தம்பி கூப்பிடுவதென்றால் அச்சகத்து நம்பருக்குத்தான் கூப்பிடுவான். முதலாளி அதற்கு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, அதையும் சொல்லவேண்டும். போன் அவர் மேசையில் இருந்தது. யுத்தம் தொடங்கிய இரண்டாம் நாள் மதியம், “தாயி, குவைத்து” என்று கத்தினார். ஓடினேன்.

“அக்கா, நல்லா இருக்கேன். மொதல்ல அதைக் கேட்டுக்க” என்றான் தம்பி. 

“எங்கலே இருக்க?”

“ரூம்லதான். சங்கு ஊதுறாங்க. ஊதினா உள்ள போயிக் கதவை அடைச்சிக்கிடணும். சன்னலுக்கெல்லாம் டேப் ஒட்டியிருக்கோம். இங்கன உள்ளவன் எல்லாம் மூஞ்சிக்கு மாட்டுற முகமூடி வச்சிருக்கான். எங்களுக்குத் துண்டை நனைச்சுக் கட்டிக்கிடச் சொல்லியிருக்கான்.”

“ஊருக்கு வந்துருலே.”

“பாஸ்போர்ட்டு மொதலாளிகிட்ட இருக்குக்கா. அவரு ஊர்லயே இல்ல.”

அப்போதே அந்தச் சங்கு போனுக்குள் கேட்டது. ஏறி இறங்கி ஏறி இறங்கி ஊதியது. “வச்சிர்றேன்க்கா” என்றான். லைன் செத்துவிட்டது. கையில் போனைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

முதலாளியின் அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. திரை முழுக்க இருட்டும் ஆரஞ்சு நிறப் புகையும். முந்தின ராத்திரி பாக்தாத்தான். டீ நேரம் என்பதால் மெஷின்காரர்கள் இரண்டு மூன்று பேர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் இருந்தார்.

“பாத்தியா” என்றார் முதலாளி, அண்ணனைப் பார்த்து. “எங்கய்யா உங்க ரஷ்யாக்காரன் சமாதானம்? எங்க பிரான்சுக்காரன்? வாலைச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டானா?” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு நோகவேண்டும் என்று சிரிக்கவில்லை. நான் அங்கே நிற்பதையே அவர் மறந்துவிட்டார். அண்ணனும் சும்மா இருக்கவில்லை. “இருங்க மொதலாளி, இதுல மாட்டிக்கிட்டு அமெரிக்காக்காரன் நாறப்போறான். வியட்நாம் மாதிரி இழுத்துக்கிட்டே போகும் பாருங்க” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்திலும் ஒரு சந்தோஷம் இருந்தது. இழுத்துக்கொண்டே போகட்டும் என்கிற சந்தோஷம்.

எனக்கு வாய் திறந்துகொண்டது.

“ஐயா, போன வருஷம் பட்டாசுக் கம்பெனி ஷெட்டு ஒண்ணு வெடிச்சப்ப நீங்களும் போனீக. நானும் வந்தேன். அங்கன கரிஞ்சு கெடந்த பொம்பளைகளை யாரு வேன்ல ஏத்திக்கிட்டுப் போனாக?”

முதலாளி திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். “அந்தப் போட்டிக் கம்பெனிக்காரன் வேன்லதான்” என்றார்.

“அவுகளுக்குள்ள வருஷக்கணக்கா பேச்சுவார்த்தை கிடையாது. இவுக ஆர்டரை அவுக பிடுங்குவாக, அவுக ஆளை இவுக இழுப்பாக. அன்னைக்கு அந்த வேன் வந்து நின்னப்ப, இவன் எதுக்கு வாரான், பேரு வாங்க வாரானா, நாளைக்கு நம்ம ஆளைக் கூட்டிட்டுப் போவானான்னு யாராவது கேட்டீகளா? வேனைத் திருப்பி அனுப்பினீகளா? கதவைத் திறந்து ஏத்துனீகல்ல? ஏன்? எரிஞ்சு கெடந்தது உங்க தெருவுப் பொம்பளை. அதான்.”

நான் டிவியைக் கையால் காட்டினேன்.

“இந்தா எரியிதே, அங்கனயும் பொம்பளைக இருக்கு. அதுக்கு வந்த வேனை, ரஷ்யாக்காரன் வேனுன்னு திருப்பி விட்டுட்டாக. நீங்க சிரிக்கிறீக. அண்ணே, நீங்களும்தான். இன்னும் கொஞ்ச நாள் எரியட்டும், அப்பத்தான் அமெரிக்காக்காரன் மூஞ்சி கிழியும்ங்கிறீக. உங்க ரெண்டு பேருக்கும் எரியிறதுல ஒரு வருத்தமும் இல்லை. யாரு செயிச்சான்னு தெரியணும், அம்புட்டுதான்!”

அதற்கு மேல் நிற்காமல் என் மேசைக்கு வந்து, அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு திரும்பப் போய், முதலாளி மேசையில் வைத்தேன். “இதை நான் போடமாட்டேன்யா. வேற வேலை கொடுத்தா செய்றேன். இல்லைன்னா வீட்டுக்குப் போறேன்.”

முதலாளி கோபப்படவில்லை. “சரி சரி, தம்பி அங்கன மாட்டிக்கிட்ட வேதனையில பேசுற. போய் மூஞ்சியக் கழுவு” என்றார். அந்தக் கருணைதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவருக்குள் போகவில்லை. தம்பி பத்திரமாக இருந்தால் நானும் அவர்களோடு சேர்ந்து டிவி பார்த்துச் சிரிப்பேன் என்று அவர் நினைத்தார்.

நான்கு நாள் தம்பியிடமிருந்து பேச்சே இல்லை. என் கணவர் கடையைத் திறந்துவைத்துவிட்டு, வருகிறவர்களுக்குத் துணியை எடுத்துப் போடாமல் உட்கார்ந்திருந்தார். “நீங்க ஏங்க ஒண்ணும் பேச மாட்டேங்கிறீக?” என்று கேட்டேன். “பேசி என்னத்தப் பண்ண? அப்பவும் பேசுனாங்க. பேசுனவன் ஆருன்னு பாத்துட்டு, காதைப் பொத்திக்கிட்டாங்க” என்றார். அந்த யுத்தத்தில் அவர் பேசியது அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் தம்பி கூப்பிட்டான். ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் தங்கியிருந்த பக்கத்தில் எதுவும் விழவில்லை. அந்தக் கோடையிலேயே அவன் முதலாளி திரும்பி வந்து பாஸ்போர்ட்டைக் கொடுத்தும்விட்டார். ஆனால் அவன் வரவில்லை. யுத்தம் முடிந்ததாகச் சொல்லிவிட்டார்கள், எல்லைக்கு லாரி லாரியாக அமெரிக்கப் படைக்குச் சாமான் போகிறது, வேலை நிறைய இருக்கிறது என்றான். எந்தச் சண்டைக்குப் பயந்து டேப் ஒட்டினானோ, அதே சண்டைக்குச் சாமான் ஏற்றிப் போனான் என் தம்பி. அவனை நான் குறை சொல்லவில்லை. அவன் அந்தச் சண்டையை மூட்டவும் இல்லை, அதை நிறுத்த வந்தவனைக் கேலி செய்யவும் இல்லை.

பாக்தாத் வெடிப் பெட்டியை அண்ணன்தான் டிசைன் செய்தார்.

முதலாளி கொடுத்தார், செய்துவிட்டார். விமானம் விழுகிற மாதிரியெல்லாம் இல்லை. முதலாளி சொன்ன மாதிரியே ஊர் எரிந்தது, இரண்டு விமானங்கள் மேலே பறந்தன. புரூஃப் வந்த அன்று நான் அவரைப் பார்த்தேன். “ஆர்டர்மா. நான் போடலைன்னா இன்னொருத்தன் போடுவான்” என்றார். முழுச் சாயந்திரமும் ஏகாதிபத்தியத்தைப் பற்றிப் பேசுகிற வாய் அது. அந்தச் சீசனில் அந்தப் பெட்டி நன்றாகப் போனது என்று கேள்விப்பட்டேன். தீபாவளிக்கு எங்கள் தெருவிலேயே அது வெடித்தது. தெருவில் கிடந்த அட்டையை என் கணவர் மறுநாள் காலையில் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டார். அது என்ன பெட்டி என்று அவர் கவனித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் நான் அந்த அச்சகத்தை விட்டுவிட்டு, விருதுநகரிலேயே நோட்டு அட்டை அடிக்கிற சின்ன அச்சகத்தில் சேர்ந்தேன். கோபத்தில் விட்டதாக நினைக்கவேண்டாம். பிள்ளைகள் பெரிய வகுப்புக்குப் போனார்கள், பஸ் அலைச்சல் முடியவில்லை.

2008ஆம் வருஷம் ஆகஸ்டில் ஒரு வேலையாக சிவகாசிக்குப் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. “வாம்மா வாம்மா, எம்புட்டு நாளாச்சு” என்று எழுந்து, எனக்கும் டீ சொன்னார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். முதலாளிக்கு சர்க்கரை வியாதி கூடிப்போனதைச் சொன்னார். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த மாதம் ரஷ்யப் படை ஜார்ஜியாவுக்குள் போயிருந்தது. பேப்பரில் முதல் பக்கத்தில் அதுதான். பிரான்ஸ் நடுவில் போய் சண்டையை நிறுத்தப் பேசிக்கொண்டிருந்தது. அண்ணன் அந்தச் செய்தியை விரலால் தட்டினார்.

“பாத்தியாம்மா. பிரான்சுக்காரன் சமாதானம் பேச வந்துட்டான். எல்லாம் அமெரிக்காக்காரன் ஏவிவிட்டது. ரஷ்யா செயிக்கப்போற நேரத்துல குறுக்க விழுறானுக. இதுக்குப் பேரு சமாதானமா?”

எனக்கு டீ கசந்தது. “அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இதே பிரான்சுக்காரனைத்தான் மனுசன்னு சொன்னீகண்ணே” என்றேன்.

“அது வேற.”

“எது வேற?”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். முதலாளி தன்னிடம் கேட்ட அதே கேள்வி என்று அவருக்கு ஞாபகம் வந்ததா என்று தெரியவில்லை. “உனக்கு அரசியல் புரியாதும்மா” என்றார் அன்பாக.

“அங்கன செத்துப்போனவுகளுக்கும்தான் புரியலை” என்றேன். “சண்டையை நிறுத்துறதுக்கு ஒருத்தன் வந்தா, அவன் சொல்றது நல்லதா கெட்டதான்னு பாருங்க. ஓட்டை இருந்தா ஓட்டைன்னு சொல்லுங்க. அதை விட்டுட்டு, வந்தவன் நம்மாளா எதிராளான்னு பாத்து வாசல்லயே வெரட்டினா, அந்தச் சாவுல உங்களுக்கும் பங்கு இருக்குண்ணே. முதலாளிக்கும் இருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே பங்குதான்.”

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். அண்ணன் பேப்பரை மடித்தார். முதலாளியோடு தன்னைச் சேர்த்துச் சொன்னதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. “என்னையும் அந்தாளையும் ஒண்ணாச் சொல்லிட்டியே” என்றார். உண்மையிலேயே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மற்றது எதற்கும் கலங்கவில்லை.

விருதுநகர் பஸ் கிளம்ப ஹார்ன் அடித்தது. “வாரேன்ணே” என்று சொல்லி ஏறினேன். சன்னலோரம் இடம் கிடைத்தது. அவர் கையைத் தூக்கிக் காட்டினார், நானும் காட்டினேன். பஸ் திருத்தங்கல் தாண்டியும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.